கோணாமலை மாமா விற்ற நாட்கள்

எங்கள் குடியில் பிறந்த எவரையும் இந்தக் குடும்பப் பதிவில் விட்டுவிடக்கூடாது என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட ஒழுங்கு. இதுவரை எழுதியவர்களுள் குடிகாரர் உண்டு. வயற்காணியைப் பங்கு பிரிக்கையில் உடன்பிறந்தாளை ஏமாற்றியவர் உண்டு. அவர்களை எழுதும்போது தயக்கம் வரவில்லை. கோணாமலையின் முறை வந்தபோது மட்டும் அடுத்த பெயருக்குப் போய்விடலாமா என்று தோன்றியது.

கோணாமலை என் தாயாருடைய சின்னம்மாவின் மகன். எனக்கு மாமா முறை. பிறந்தது 1946ஆம் ஆண்டு பங்குனியில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள எங்கள் ஊரில். இறந்த திகதியை நெருங்கிய உறவினர் மூவரிடம் கேட்டேன். ஒருவர் மழைகாலம் என்றார். மற்றவர் சுனாமிக்கு முந்திய வருடமாக இருக்கலாம் என்றார். மூன்றாமவர், அது எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இளமையில் அவர் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் விற்பனையாளராக இருந்தார். அங்கிருந்து ஏன் விலக்கப்பட்டார் என்பதற்கு இரண்டு கதைகள் உள்ளன. இரண்டும் அவருக்குப் பொருத்தமானவை என்றாலும் இரண்டுக்கும் சாட்சி இல்லை, ஆகவே எழுதவில்லை. அவர் வாழ்ந்ததாகச் சொல்லக்கூடிய காலம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், யுத்தத்தின் நிழலில் தொடங்குகிறது. அப்போது வாவிக்கு மேற்கே படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது. கிழக்கே எழுவான்கரையும் பட்டினமும் இராணுவத்தின் கையில். இரண்டு கரைக்கும் நடுவே துறையில் ஒரு மிதவைப் பாதை. ஒரு மூட்டை சீனி இக்கரைக்கு வருவதற்கு அனுமதி வேண்டும், சோதனை வேண்டும், வெயிலில் வரிசை வேண்டும். பட்டினத்து வணிகருக்கு இதில் இருந்த இடர், எந்தக் கிழமையில் எதைக் கொண்டுபோனால் விலைபோகும் என்று தெரியாமை. வாழைக்குலை கொண்டுபோன கிழமையில் ஊரில் ஒரு விசேஷமும் இராது. விசேஷம் வந்த கிழமையில் கடையில் வெறும் உப்பும் தீப்பெட்டியுமே இருக்கும்.

இந்தத் தெரியாமையில்தான் கோணாமலை மாமா தமது பிழைப்பைக் கண்டார். எந்த ஊரில், எந்த நாளில், எதற்காகச் சனம் கூடப்போகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து அறிந்து, அதை வணிகருக்கு விற்றார். சைக்கிளில் கரடியனாறு வரை போவார். சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்கு முன் அங்கே ஒரு சுற்று. ஏறாவூரில் பெருநாளுக்கு முன் ஒரு சுற்று. கலியாணம், சாமத்தியச் சடங்கு, வீடு குடிபுகுதல், மெதடிஸ்த பாடசாலையின் விளையாட்டுப் போட்டி, மாதா கோயில் கொடியேற்றம், நிவாரண அரிசி கொடுக்கும் நாள், அரசாங்க உத்தியோகத்தர் சம்பளம் எடுக்கும் நாள் என்று எதையும் விடமாட்டார். பிறகு பட்டினத்துக்குப் போய்க் கடை கடையாக ஏறி, சுவரில் தொங்கும் கலண்டரில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு எதை எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்வார். பலன் கண்டவர்கள் சாமானாகவே கைம்மாறு செய்தார்கள். அவருடைய வீட்டில் எந்தக் காலத்திலும் சவர்க்காரத்துக்குக் குறை இருந்ததில்லை.

அவருடைய கொள்கையை அவரே வாய்ப்பாடுபோல் சொல்லிக்கொண்டு திரிவார்: "நாள் தெரிஞ்சா சனம் தெரியும். சனம் தெரிஞ்சா சாமான் தெரியும்." இதைக் கண்டுபிடிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை என்பது என் கருத்து. வேர்க்கடலை விற்கும் ஒவ்வொரு கச்சான் வியாபாரியும் இதை அறிவான். வேறுபாடு ஒன்றுதான்: கச்சான் வியாபாரி திருவிழாவில் நின்று கச்சான் விற்பான், வாணவேடிக்கை கிளம்பினால் அவனும் அண்ணாந்து பார்ப்பான். கோணாமலை மாமா அண்ணாந்து பார்த்ததை எவரும் கண்டதில்லை. கலியாண வீட்டில் பந்தலின் அகலத்தைப் பார்ப்பார். செத்த வீட்டில் வந்திறங்கும் பெண்களின் கையில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பார், ஏனென்றால் பிள்ளைகள் இருந்தால் பிஸ்கற் போகும். நோயாளியைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போய், மருந்து கொடுப்பவரை ஓரமாக அழைத்து, "எப்படி, இந்தக் கிழமை தாண்டுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கவலை இருப்பதாக நினைத்துக் கண்கலங்கிய பேதைகளும் எங்கள் குடும்பத்தில் இருந்தார்கள்.

ஒரு சம்பவத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். பட்டினத்தில் மெழுகுதிரி விற்ற பஸ்தியாம்பிள்ளை என்ற பெரியவரிடம், ஒரு வருடம் ஐப்பசியில் இவர் போய், கல்லறைத் திருநாளுக்கு வழமையைப்போல் இரட்டிப்பாக மெழுகுதிரி எடுத்து வைக்கும்படி சொன்னாராம். அந்த வருடம் புதைகுழிகள் அதிகம், தாமே சேமக்காலை சேமக்காலையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகவும் சொன்னாராம். பெரியவர் அப்படியே எடுத்து வைத்தார், அத்தனையும் விற்றுப்போயிற்று. பிறகு கைம்மாறு கேட்டு வந்தவரிடம் பஸ்தியாம்பிள்ளை சொன்னதை அவருடைய மகள் ஜோசப்பின் எனக்குச் சொன்னார்.

"நீ சொன்னது அச்சொட்டாச் சரி, கோணாமலை. அதாலதான் சொல்றன், இனி இந்தக் கடைப்படி ஏறாத."

கோணாமலை மாமா இந்தக் கதையில் முதற்பாதியை மட்டும் ஊர் முழுவதும் சொல்லித் திரிந்தார்.

ஊர் கூடும் நாளை அறிந்துகொள்ள விரும்பியவர்கள் அந்தக் காலத்தில் கடைக்காரர் மட்டுமல்லர். இரு தரப்புத் துவக்குக்காரருக்கும் அவர் எதையேனும் சொன்னாரா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விசாரித்தேன், சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவருக்குச் சாதகமாக இந்தப் பதிவில் எழுதக்கூடியது இது ஒன்றுதான், எழுதிவிட்டேன்.

இனி 1998ஆம் ஆண்டு வைகாசி.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் ஒரு முறைதான் திறக்கும். வைகாசிப் பூரணைக்கு முந்திய கிழமை கதவு திறந்து, பூரணையன்று குளிர்த்தியோடு சடங்கு முடியும். அந்த நாட்களில் ஊரில் எந்த அடுப்பிலும் மீன் வேகாது. அம்மனைக் குளிர்விப்பதற்கான நீரைப் புதுக்குடத்தில் குளத்திலிருந்து மொண்டு வருவது எங்கள் குடிக்குரிய உரிமை. தாய்வழியில் வரும் உரிமை என்பதால், நீர் எடுப்பவர் இல்லாதபோது அது அவருடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்கே போகும்.

சாவுத் தீட்டான துடக்கைப் பற்றிய வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கதவு திறப்பதற்கு முன் ஊர் எல்லைக்குள் ஒரு மரணம் நேர்ந்தால் அந்த வருடம் கதவு திறப்பதில்லை. எல்லைக்கு வெளியே நேர்ந்தால் சடங்கு நிற்காது. இறந்தவரின் உறவினர் மட்டும் கோயிலை விட்டு விலகி நிற்க வேண்டும். அந்த உறவினருக்கும் துடக்குத் தொடங்குவது உயிர் பிரிந்த நேரத்திலிருந்து அல்ல, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்து. செய்தி அறியாமல் கோயிலுக்குள் போய்வந்தவரை அம்மன் கோபிப்பதில்லை.

அந்த வருடம் நீர் எடுக்க வேண்டியவர் அழகரத்தினம். என் தாயாருக்கும் கோணாமலை மாமாவுக்கும் தாய்மாமன், எண்பதை நெருங்கியவர். மனைவி இல்லை. ஒரே மகள் புஸ்பம், எனக்கு மாமி முறை. அவருடைய கணவரைத் தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை. எருமை நான்கைந்து வைத்துத் தயிர் போட்டு விற்றுத் தகப்பனைப் பார்த்துக்கொண்டார். கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத அந்தப் பெண், தகப்பன் கண்மூடும்போதாவது தாம் பக்கத்தில் இருந்து வாயில் பால் வார்க்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். அதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். கோணாமலை மாமாவும் அறிவார்.

அந்த வைகாசியில் கோணாமலை மாமா தமது வாழ்நாளின் பெரிய வட்டத்தைப் போட்டிருந்தார். பட்டினத்து வணிகர் பலரிடம் எங்கள் ஊர்ச் சடங்கை விற்றிருந்தார். எல்லோரிலும் முக்கியமானவர் ஏறாவூர் ஆதம்பாவா. அலுவா, தொதல், வளையல், சாரன், பாய் என்று கொண்டுவந்து எங்கள் சடங்கில் கடை போடுவது அவருடைய தகப்பன் காலத்து வழக்கம். தொண்ணூறில் ஏறாவூர் முஸ்லிம்களுக்கு நடந்தவற்றுக்குப் பிறகு அவர் இந்தக் கரைக்கு வரவில்லை. வந்திருந்தால் யார் பொறுப்பு என்று சொல்லவும் ஆளில்லை. அவரைக் கோணாமலை மாமா பலமுறை போய்ச் சந்தித்து, ஊர் முழுக்க அவரைத் தேடுவதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்திருந்தார். ஊர் உண்மையிலேயே தேடிற்று. ஆகவே அதைப் பொய் என்று எழுத மாட்டேன்.

கதவு திறப்பதற்கு ஐந்தாறு நாள் இருக்கையில் அழகரத்தினம் மூச்சிழுக்கத் தொடங்கினார். கோணாமலை மாமா வந்து, வழமைபோல் ஒதுக்குப்புறமாக விசாரித்தார். நாட்டு வைத்தியம் பார்த்த பரிசாரி, இந்தக் கிழமை தாண்டாது என்றார். தாண்டாவிட்டால் கதவு திறக்காது. திறக்காவிட்டால் வணிகர் வாங்கிக் குவித்த அத்தனையும் அவர்கள் கையிலேயே கிடக்கும். அதன்பிறகு கலண்டரில் வட்டம் போட ஒரு கடைக்காரனும் இடம் கொடுக்கமாட்டான். அன்று அவர் புஸ்பம் மாமியிடம் பேசியதை மாமி எனக்கு இரண்டு தடவை, ஒரு சொல்லும் மாறாமல் சொல்லியிருக்கிறார்.

"மச்சாள், இஞ்ச வச்சிரிந்தா தாங்காது. பட்டினத்தில டாக்குத்தர்மார் இரிக்காங்க, ஒக்சிசன் இரிக்கி. என்னட்டப் பாஸ் கிடக்கு. நானே கூட்டிப் போறன், நானே கூட்டி வாறன்."

கிழவர் மட்டும் மறுத்தார். "என்ன எங்கயும் கொண்டு போகாத புள்ள" என்று மகளின் கையைப் பிடித்தாராம். மகளோ ஒக்சிசன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். சாகவிருக்கும் தகப்பனுக்கு ஒரு வழி இருக்கிறது என்று சொன்ன பிறகு, எந்த மகள் வேண்டாம் என்பாள்? கோணாமலை மாமா அதையும் கணக்கில் எடுத்திருந்தார்.

கதவு திறப்பதற்கு முதல்நாள் காலை மாட்டு வண்டிலில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோனார்கள். அக்கரைக் காவலரணில் நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். துறையை நாள்தோறும் கடப்பவர் என்ற முறையில் கோணாமலை மாமாவுக்கு அந்த விதி முன்னமே தெரியும். மாமியிடம் அதை அவர் சொல்லியிருக்கவில்லை. பாஸ் இருந்தவர் உள்ளே போனார். பாஸ் இல்லாதவர் மிதவையிலேயே திரும்பி வந்தார். மிதவை நகரும்போது கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்தார் என்று மாமி சொல்வார்.

மறுநாள், திங்கட்கிழமை, கதவு திறந்தது. அழகரத்தினத்தின் உயிர் அன்றிரவு தாண்டி, செவ்வாய் விடியும் பக்கம் பட்டினத்து ஆஸ்பத்திரியில் பிரிந்தது. அப்போது பக்கத்தில் எவரும் இல்லை. கோணாமலை மாமா ஒரு வணிகரின் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. அவர் உறவினர் என்று ஒப்பமிட்டு, ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை என்று சொல்லி, நகரசபையின் பொறுப்பில் புதைப்பதற்கு ஒப்படைத்தார். புதைக்கும்போது அவர் நிற்கவில்லை. அந்த நேரத்தில் மொத்த வியாபாரக் கடையில் தேங்காய் ஏற்றுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு அவர் போட்ட கணக்கு இது. மரணம் ஊர் எல்லைக்கு வெளியே நேர்ந்தது. ஆகவே சடங்கு நிற்காது. செய்தி ஊருக்குள் எவர் காதிலும் விழவில்லை. ஆகவே எவருக்கும் துடக்கு இல்லை. குளிர்த்தி முடிந்த மறுநாள் செய்தியைச் சொன்னால் எல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருக்கும். வழக்கத்தை ஒரு நூலளவும் மீறாமல், அந்த வழக்கத்தாலேயே ஒரு மரணத்தைப் பொதி கட்டி வைத்துவிட்டதாக அவர் நினைத்தார்.

ஊருக்குத் திரும்பி வந்து, மாமன் கஞ்சி குடிக்கிறார் என்று மாமியிடம் சொன்னார். அடுத்த நாள், மாமன் தயிர் கேட்டார் என்றார். மாமி அவசரமாக நல்ல தயிர்ச் சட்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வெறுஞ்சட்டியோடு வந்து, இன்னொன்று கேட்டார் என்றார். மாமி இன்னொன்றும் கொடுத்தார். அந்த இரண்டு சட்டித் தயிரும் பட்டினத்தில் துறைமுகப் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் சீனி போட்டுப் பரிமாறப்பட்டன. கடைக்காரரே எனக்குச் சொன்னார், நல்ல தயிர் என்றும் சொன்னார். மாமா ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு நான் பலநாள் யோசித்தும் ஒரு காரணமே தெரிகிறது. தயிர் அங்கே இருந்தது, அதை விரும்பக்கூடியவர்கள் இங்கே இருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

அவருடைய கணக்கில் ஒரே ஒரு தடங்கல் வந்தது. நீர் எடுக்கும் அழகரத்தினம் ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஊர் நம்பியதால், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் மூத்தவர்களோடு பேசி, சகோதரியின் மகனான கோணாமலையே இந்த வருடம் குடம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். மறுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய காரணம் அவரிடம் இல்லை. ஆகவே ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் தலைமுழுகி, மஞ்சள் வேட்டி கட்டி, கோயிலுக்குள் போய்வந்தார். பூரணையன்று பகல், பறைமேளம் முன்னே போக, புதுக்குடத்தில் நீர் மொண்டு தலையில் வைத்து வந்து அம்மன் முன்னால் இறக்கினார். வழியில் பெண்கள் அவருடைய காலில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள். நான் அந்த வழியில் நின்றேன். அவருடைய கண்கள் இருபக்கமும் கடைகளின் மேலேயே போய்க்கொண்டிருந்தன.

கடைகள் நிறைந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றிலை, கமுகம்பாளை, தேங்காய், பலாப்பழம், மரமுந்திரிப்பழம் எல்லாம் அவர் சொன்னபடியே வந்து குவிந்திருந்தன. சனமும் அவர் சொன்னபடியே வந்திருந்தது. உண்மையான வியாபாரம் குளிர்த்தி முடிந்த பின்புதான், விரதம் விட்டவுடன் நடக்கும். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஆதம்பாவா எட்டு வருடத்துக்குப் பிறகு தமது தகப்பன் கடை போட்ட அதே புளியமரத்தின் கீழ்க் கடை போட்டிருந்தார்.

ஆதம்பாவாவும் அழகரத்தினமும் பழைய சிநேகிதர்கள். பட்டினத்துக்குப் போன இடத்தில் அழகரத்தினம் ஆஸ்பத்திரியில் கிடப்பதைக் கேள்விப்பட்டுச் செவ்வாய் பிற்பகல் பார்க்கப் போயிருக்கிறார். மருமகன் வந்து ஒப்பமிட்டு முடித்துவிட்டார் என்று அங்கே சொன்னார்கள். பிறகு கோணாமலை மாமாவிடம், அப்படியென்றால் சடங்கு எப்படி என்று கேட்டிருக்கிறார். வெளியூர்ச் சாவு ஊரைப் பாதிக்காது, வீட்டாருக்கெல்லாம் சொல்லியாயிற்று என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அதை நம்பித்தான் ஆதம்பாவா வந்தார். வியாபாரம் முடிந்ததும் புஸ்பம் மாமியின் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்க எண்ணியிருந்தார்.

அதற்கு முன்பே மாமி அவரைத் தேடி வந்தார். கூறைச்சேலை போன்ற ஒரு சிவப்புச் சேலை, தலையில் அம்மனுக்குப் படைக்கும் பண்டங்கள் வைத்து வேப்பிலை மூடிய மடைப்பெட்டி. தகப்பனுக்கு உடம்பு தேறினால் மடைப்பெட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். கோயிலுக்குப் போகும் வழியில் கடை முன்னால் நின்றார்.

"காக்கா, நல்ல சாரன் ஒண்டு எடுத்துத் தாங்க. மெல்லிசா இரிக்கோணும்."

"ஆருக்கு மகள்?"

"அப்பாக்குத்தான். ஆஸ்பத்திரியில கட்டிரிக்க. நாளைக்கு மச்சானோட குடுத்தனுப்பப் போறன்."

ஆதம்பாவா சாரனை எடுத்து விரித்தாராம், மடித்தாராம், மறுபடி விரித்தாராம். அன்று அவருடைய கடையில் கேட்கப்பட்ட முதற்சாமான் அது. யார் எதை வாங்குவார் என்று மாதக்கணக்காக அலைந்து அறிந்துவைத்த கோணாமலை மாமாவின் அறிவுக்குள் இந்த ஒரு சாரன் வந்திருக்கவில்லை.

"மகள், அந்தப் பெட்டிய இறக்கி வைங்க. இறக்கி வச்சிட்டு இதில இரிங்க" என்றார் ஆதம்பாவா. மாமி இறக்கவில்லை. அவர் சொன்னார்: "அப்பா செவ்வாய்க்கிழமையே மௌத்தாயிட்டார், மகள். உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் இஞ்ச வந்த."

மாமி கேட்டது ஒரே கேள்வி. "பக்கத்தில ஆரு இரிந்த?"

ஆதம்பாவாவுக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னார்.

மாமி மடைப்பெட்டியை வெறும் மண்ணில் இறக்கி வைத்துவிட்டுக் கோயில் எல்லையைக் கடந்து வெளியே போய் நின்றார். வாய்விட்டு அழவில்லை. அழுதால் கேட்பவருக்கெல்லாம் துடக்கு, சொன்னால் அவருடைய தகப்பனின் குடி முழுவதும் கோயிலை விட்டு வெளியேற வேண்டும், குளிர்த்தி நிற்கும். தம் மார்பில் அடித்துக்கொள்ளும் உரிமையைக்கூட அவர் ஊருக்காக அடக்கிக்கொண்டார். ஆனால் மடைப்பெட்டியை ஒரு பெண் மண்ணில் வைத்தால் அதற்குக் காரணம் என்னவென்று எங்கள் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. செய்தி வண்ணக்கரிடம் போயிற்று. அவர் ஆதம்பாவாவை விசாரித்துவிட்டு, கோணாமலை மாமாவைக் கோயில் வாசலுக்கு அழைத்தார். அம்மன் முன்னால் குடம் இருந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"மாமன் செத்தது உனக்கு எப்ப தெரியும், கோணாமலை?"

"வண்ணக்கர், சாமான் எல்லாம் வந்து இறங்கிற்று. இது நிண்டா இனி ஒருத்தனும் இந்தக் கரைக்கு ஒரு கூடை கொண்டு வரமாட்டான்."

"சாமானப் பத்தி நான் கேக்கல்ல."

"கேள்விப்பட்ட ஆக்களுக்குத்தானே துடக்கு? ஊருக்குள்ள ஒருத்தரும் கேள்விப்படல்ல."

வண்ணக்கர் குடத்தையும் பார்த்தார், இவரையும் பார்த்தார். "நீ கேள்விப்பட்டாய்தானே" என்றார்.

அந்த இடத்தில் கோணாமலை மாமா வாயடைத்து நின்றதை என் கண்ணால் கண்டேன். நடிப்பு என்று சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. ஊரிலுள்ள ஒவ்வொரு காதையும் எண்ணிய அவர், தமது காதை எண்ணவில்லை. எத்தனையோ கலியாணங்களுக்கும் சாவுகளுக்கும் போய்வந்தவருக்கு, தாமும் அவற்றில் ஒருவர் என்ற நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. தாய்மாமன் இறந்த செய்தி அவருக்கு வணிகருக்குரிய செய்தியாகவே இருந்தது, தமக்குரியதாக இருக்கவில்லை. துடக்கோடு தலைமுழுகினார், துடக்கோடு உள்ளே போனார், துடக்கோடு நீர் மொண்டார். வேண்டுமென்றே அம்மனை அவமதித்த ஒரு பாவியாக அவர் இருந்திருந்தால், அவரைப் பற்றி இதைவிட மரியாதையாக எழுதியிருப்பேன்.

பூசை செய்யும் கட்டாடியார் குடத்து நீரைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோய் ஊற்றினார். குளிர்த்தி இல்லாமல் கதவு பூட்டப்பட்டது. சனம் கலைந்தது, எவரும் எதையும் வாங்கவில்லை. வாங்கக்கூடாது என்று எவரும் சொல்லவும் இல்லை. துறை பொழுதுபட்டால் மூடிவிடும் என்பதால் சாமான்கள் அன்றிரவும் மறுநாள் வெயிலிலும் கிடந்தன. பலாப்பழங்கள் வெடித்தன; கமுகம்பாளைகள் கருகின; ஈ மொய்த்தது. வணிகரிடம் கோணாமலை மாமா, இது எதிர்பாராத சம்பவம் என்று சொன்னாராம்.

பாஸ் கிடைத்ததும் புஸ்பம் மாமி பட்டினத்துக்குப் போனார். துறையிலிருந்து ஆதம்பாவா அழைத்துப் போனார். நகரசபை மயானத்தில் புது மேடுகள் மூன்று இருந்தன. எது என்று குழி வெட்டுபவருக்கு நினைவில்லை; ஒப்பமிட்டவரோ வந்து பார்த்தவரல்லர். மாமி கொண்டுபோன பாலை மூன்று மேட்டுக்கும் வார்த்தார். ஆதம்பாவா கொடுத்த சாரனை எதன் மேல் விரிப்பது என்று தெரியாமல் திருப்பிக் கொண்டுவந்தார். அது இன்னும் அவருடைய பெட்டகத்தில் இருக்கிறது, காட்டினார்.

இறந்தவருக்காக ஊருக்கு இடும் முப்பத்தோராம் நாள் அமுதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. செவ்வாயிலிருந்து எண்ணினால் ஒரு நாள் வரும். செய்தி கேட்ட பூரணையிலிருந்து எண்ணினால் வேறொரு நாள். கோணாமலை மாமாவின் அறிவு முழுவதும் சேர்ந்தும் இதை ஊகிக்க முடியவில்லை. ஒருநாள் காலை சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் நின்று கேட்டார்.

"மச்சாள், அமுது எந்த நாளில வச்சிரிக்கீங்க? சொன்னா, இலை மரக்கறி எல்லாம் கடையில சொல்லி வைக்கலாம்."

மாமி தயிர்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அது உங்களுக்குத் தேவல்ல, மச்சான்."

அந்தப் பதில் வேலி வேலியாகப் போயிற்று. அதன்பிறகு அவர் எந்த வாசலில் நின்று எந்த நாளைக் கேட்டாலும் ஏறக்குறைய அதே பதிலே கிடைத்தது. பேச்சு நடுவே இவர் வந்தால் பேச்சு மழையைப் பற்றியதாக மாறும். சில குறும்பர்கள் வேண்டுமென்றே பிழையான நாள் சொன்னார்கள். அவற்றையும் கொண்டுபோய் வட்டம் போட்டார். கடைக்காரரும் பிறகு கலண்டரை உள்ளே கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் வேறொரு ஊரில் யாரோ ஒருவர் வீட்டோடு ஒட்டிச் சாய்த்த ஒத்தாப்பில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அழகரத்தினத்தின் அமுது குறைவின்றி நடந்தது. ஊர் வந்தது, ஆதம்பாவா வந்தார், பஸ்தியாம்பிள்ளையின் மகள் மெழுகுதிரி கொடுத்தனுப்பினார். இலையும் மரக்கறியும் எவரும் முன்கூட்டிச் சொல்லாமலே போதுமானவரை கிடைத்தன. எந்த நாளில் நடந்தது என்பதை நான் அறிவேன். குடும்பப் பதிவில் நாளில்லாத ஒரு சடங்கு இருப்பது முறையல்ல என்று புஸ்பம் மாமியிடம் சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.